வாளி என்பது வாளி அல்ல

“அந்த வீடியோவ ஒரு தடவ முழுசாப் போட்டுப் பாருங்க சார்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அட்டெண்டர் பயஸ் அண்ணன் என்னிடம் விசாரணையின் முதல் நாளே சொல்லியிருந்தார். “மக்கா, நீ டி.சி. கேளு, சாயா கேளு, வேணும்னா பிரின்சிபல் இருக்கிய கசேரயக்கூடக் கேளு. படத்தப் போட்டுப் பாக்க மட்டும் சொல்லாத. பாத்தா அவங்களுக்குத் தெரிஞ்சதா ஆயிரும். தெரிஞ்சா பின்ன ஏதாவது செய்யணுமில்லியா? அதாக்கும் அவங்களுக்க பயம்.”

கேட்டுவிட்டேன். குறியீட்டு ஆய்வுக் குழு என்பது மூன்று பேர். பிரின்சிபல் சுகதன் சார் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். மலையாளத் துறைத் தலைவி லதிகா டீச்சர் தன் குறிப்புகளைப் பார்த்தார். தமிழ்த் துறைத் தலைவர் ஞானதாஸ் சார் என்னை ஒரு எழுத்துப்பிழையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மேசைக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள், கழுத்துவரை பிளாஸ்டிக் பூ நிரப்பிய சிவப்பு வாளி இருந்தது.

கல்லூரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று இன்னொரு குழு போடுவார்கள். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும், கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் நடுவில், பஸ்ஸிலிருந்து பார்த்தால் நுழைவாயில் வளைவு மட்டும் பிரமாண்டமாகத் தெரியும் ஒரு கல்லூரி. வளைவைத் தாண்டினால் மீதி எல்லாம் சின்னதுதான். குன்னத்துகாலில் எங்கள் குடும்பத்திலிருந்து அந்த வளைவுக்கு அடியில் நடந்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிவிட்டேன். ஆனால் டி.சி.யும் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் இன்னும் அந்த வளைவுக்கு உள்ளேதான், பிரின்சிபலின் இரும்பு அலமாரியில். விசாரணை முடியாமல் தர மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் படத்தொகுப்பு படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. அசல் சான்றிதழ்களோடு இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் என் பெயருக்கு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை கெஞ்சி நாள் வாங்கியாகிவிட்டது.

குற்றம் ஒரு பாட்டு.

எங்கள் கல்லூரியின் பெண்கள் கழிப்பறையில் குழாய் உண்டு, தண்ணீர் இல்லை. கதவு உண்டு, கொண்டி இல்லை. கொண்டி என்றால் தாழ்ப்பாள். அதற்குப் பதிலாக, மூன்று கால் மட்டும் மிச்சமிருந்த ஒரு நாற்காலியை உள்ளிருந்து கதவில் சாய்த்து வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கு ஒரு சிவப்பு வாளி. அதுவும் கல்லூரியுடையது அல்ல; பொழியூரிலிருந்து வரும் என் கூட்டுக்காரி ஷைனா, அவள் அம்மா மீன் அலசிக்கொண்டிருந்த வாளியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாள். பிரின்சிபல் அறைக்கு முன்னால் ரோஜாச் செடிகளுக்கு ஒரு குழாய் இருக்கிறது. அதில் எந்நேரமும் தண்ணீர் வரும். ரோஜாவுக்குப் பிடித்தது போக மிச்சத்தை நாங்கள் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து போவோம். முந்நூறு பெண்பிள்ளைகள், ஒரு வாளி. மூன்று மனு கொடுத்தோம். மூன்றுக்கும் ‘பரிசீலனையில்’ என்று பதில் வந்தது.

பிறகுதான் ஜித்தின் கிட்டாரைத் தூக்கினான். நிஜின் காலி பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டான். ஷைனா பாடினாள். நான் என் போனில் படம் பிடித்தேன், நானே வெட்டி ஒட்டினேன். காது கிழியும் ராக் பாட்டு, வரிகள் மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில்:

கொண்டி இல்ல, தண்ணி இல்ல,
குனிஞ்சு கேட்டா பதிலும் இல்ல,
வாளியத் தூக்கு மக்கா,
வாளியத் தூக்கு!

ஷைனா வாளியோடு கழிப்பறையிலிருந்து நடந்து வருகிறாள். ரோஜாக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள். திரும்ப நடக்கிறாள். வழியில் ஒரு ஆடு நிற்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி நாற்காலியை முட்டுக்கொடுக்கிறாள். அவ்வளவுதான் வீடியோ. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான் பட்டதாரி, ஆனால் படிப்பாளிகளைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அது போன் போனாகப் பரவியது. கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்ய வெளியிலிருந்து ஒரு குழு வரவிருந்த நேரம். அந்தக் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில், பெண்கள் கழிப்பறையில் இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் வருவதாகக் கல்லூரி எழுதிக் கொடுத்திருந்தது. ஆகவே வீடியோவில் இருப்பது கழிப்பறையாக இருக்க வழியில்லை. வேறு ஏதோ ஒன்றின் குறியீடாகத்தான் இருக்க வேண்டும். எதன் குறியீடு என்று கண்டுபிடிக்கத்தான் குழு. பாடிய ஷைனா அரியர் எழுத வேண்டியவள், பிடித்து வைக்க அவளுக்கு டி.சி.யே இன்னும் ஆகவில்லை; வாசித்த பையன்கள் வேறு கல்லூரி. ‘இயக்குநர்’ என்று வீடியோவின் கடைசியில் என் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தேன். அந்த ஆசையால் நான்தான் மாட்டினேன்.

முதல் அமர்வில் சுகதன் சார் எழுந்து நின்று பேசினார். மூன்று பேர் கொண்ட குழுவில் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

“மோளே பிரசீதா, நம்ம ஸ்தாபனம் கருத்துச் சுதந்திரத்துக்கு ஒருநாளும் எதிரில்ல. கருத்து உண்டாவதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும், அவ்வளவுதான்.”

வீடியோவைப் போடுவார்கள் என்று நினைத்தேன். போடவில்லை. அனுமதியில்லாத படத்தைக் கல்லூரிக்குள் திரையிடக் கூடாது என்று விதி இருக்கிறதாம். குழு அதைப் பார்த்தால் குழுவே விதியை மீறியதாகிவிடும். அதனால் வீடியோவிலிருந்து சில காட்சிகளை மட்டும் நிறுத்தி, படமாக எடுத்து, கலரில் பெரிதாக அச்சடித்து மேசையில் பரப்பியிருந்தார்கள்.

“அப்ப பாட்டு?” என்றேன். “அதுல எல்லாம் சொல்லியிருக்கே டீச்சர். தண்ணி இல்லைன்னு.”

லதிகா டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “அது மலையாளமல்ல கேட்டோ. எங்க டிப்பார்ட்மென்டுக்கு அதுல அதிகாரமில்ல.”

“தமிழும் அல்ல,” என்றார் ஞானதாஸ் சார். “‘குனிஞ்சு கேட்டா’ என்பது எந்த இலக்கணத்தில் வருகிறது? தமிழ்த் துறை இதற்குப் பொறுப்பேற்காது.”

எந்த மொழி என்று தெரியாத சொற்களை ஆய்வுக்கு எடுக்க முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். பாட்டு வரிகளை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். அந்த அறையில் இருந்த எல்லோரும் வீட்டில் பேசுவது அந்த மொழிதான். அரக்கை உருக்கிய பயஸ் அண்ணனிடம், “எலே, கைய சுட்டுறாத,” என்று ஞானதாஸ் சார் சொன்னதும் அந்த மொழியில்தான்.

இரண்டாவது அமர்வு ஆட்டைப் பற்றி. ஆடு கிழக்கே பார்த்து நிற்கிறது. கிழக்கே தமிழ்நாடு. ஆகவே இது எல்லைப் பிரச்சினையைக் கிளப்பும் ஆடா என்ற கேள்வி வந்தது. கல்லூரி மதிலுக்குப் பின்னால் குடியிருக்கும் ரீத்தா அக்காவை வரச் சொன்னார்கள். ஆடு அவளுடையது.

“இந்த ஆட்டை அங்க நிக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டார் பிரின்சிபல்.

“அது ஆடாக்கும் சார். புல்லு கண்ட எடத்துல நிக்கும்.”

“இந்தப் பெண் அதுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்தாளா?”

“எனக்க பேச்சே அது கேக்காது. இவ சொன்னா கேக்கவா போவுது? ஏன் சார், அது உங்க ரோஜாவத் தின்னுட்டா?”

ஞானதாஸ் சார் மினிட்ஸில் எழுதினார்: ‘ஆடு எவர் பேச்சுக்கும் கட்டுப்படுவதில்லை என உரிமையாளரே ஒப்புக்கொண்டார்.’ பிறகு அதன் அடியில் கோடு போட்டு, ‘அதிகாரத்துக்கு அடங்காத ஆடு’ என்று சேர்த்தார். ரீத்தா அக்கா படியிறங்கும்போது என் காதில், “பிள்ளே, இவனுவளுக்குச் சம்பளம் உண்டா?” என்று கேட்டாள்.

மூன்றாவது அமர்வில் வாளியையே கொண்டு வந்துவிட்டார்கள். தடயப் பொருள். கழிப்பறையிலிருந்து எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சீல் அடித்தார்கள். முந்நூறு பெண்களுக்கு இருந்த ஒரு வாளியும் போயிற்று. இரண்டாம் வருடம் படிக்கும் ஆர்யா என்னை வராந்தாவில் பிடித்தாள். “எக்கா, வாளி எப்ப வரும்? பிள்ளைகள் பாட்டில்ல தண்ணி கொண்டு வருது. குடிக்கவா கழுவவா?” நான் குழுவிடம் போய், பதிலுக்கு வேறொரு வாளியாவது வாங்கி வைக்கச் சொன்னேன்.

“அதெப்படி?” என்றார் சுகதன் சார். “விசாரணை நடக்கும்போது வேற வாளி வாங்கினா, இது வாளிதான்னு நாமே சம்மதிச்ச மாதிரி ஆகும்.”

“வாளிதானே சார்?”

“அதைத்தான் ஆராயுறோம்.”

ஆராய்ந்தார்கள். சிவப்பு என்பதால் கட்சி என்றார் ஞானதாஸ் சார். உட்குழிந்திருப்பதால் பெண்ணுடல் என்றார் லதிகா டீச்சர். வாளியை மோந்து பார்த்துவிட்டு, கடலும் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். நாற்காலியின் நான்காவது கால் எங்கே என்பதில் ஒரு மத்தியானம் போயிற்று. ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்று முடிவானது. வாளி தண்ணீர் பிடிப்பதற்கு என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். ‘இயக்குநர் நேர்ப்பொருளில் பிடிவாதமாக இருக்கிறார்’ என்று ஒவ்வொரு முறையும் மினிட்ஸில் ஏறியது.

அதுவரை என்னைத் தண்டிக்கத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதுகூடப் பரவாயில்லை, தண்டித்தால் ஒரு முடிவாவது வரும். ஆனால் ஒருநாள் சுகதன் சார் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“இங்க பாருங்க. வாளி காலியா போகுது. நிறைஞ்சு வருது. எங்க நிறையுது? எனக்க ஆபீசுக்கு முன்னாடி! காலியா வரும் மாணவர்கள் இந்தக் கல்லூரியில நிறைஞ்சு போறாங்க. எடோ, இது நம்மளப் புகழ்ந்தாக்கும் எடுத்திருக்கு!”

அதோடு நான் குற்றவாளி இல்லை என்றானது. கலைஞர் என்றானது. கலைஞருக்கும் டி.சி. தரவில்லை. கலைஞர் போய்விட்டால் கருத்தரங்கில் யார் உட்காருவது?

‘வாளி: வெறுமையும் நிறைவும்’ என்று வளைவில் பேனர் கட்டினார்கள். பெட்டியிலிருந்த வாளிக்கு இரண்டு ஓட்டை விழுந்திருப்பதாக ரீத்தா அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னாள். அது தெரியாமலிருக்கப் பிளாஸ்டிக் பூவை நிரப்பிக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். விருந்தினர்கள் வழி தவறிப் போய்விடக் கூடாதென்று அன்றைக்கு மட்டும் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்தக் கதவுக்கு வெளியே பூட்டப் போட்டிருந்த கொண்டி புத்தம்புதியது.

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய பேராசிரியை வந்தார். வெறுமை என்னும் படிமம் குறித்து ஒரு மணி நேரம் அருமையாகப் பேசினார். பேசி முடித்ததும் லதிகா டீச்சரிடம் குனிந்து, டாய்லெட் எங்கே என்று கேட்டார். மேடை முழுக்க ஒரு கலக்கம். பிரின்சிபலின் கழிப்பறையில் அன்றைக்கு நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாவைக் காரில் ஏற்றி, காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டு வந்தார்கள். திரும்பி வந்த பேராசிரியை மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “உன் படத்தில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது,” என்றார். நான், “தண்ணி இல்லாததாக்கும் இருக்கு மேடம்,” என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். கட்டுரையில் சேர்ப்பாராக இருக்கும்.

நேற்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஒரு தாளில் சின்னதாக ஒரு ஒப்பு போட்டால் போதும், அந்த நிமிடமே டி.சி. கையில்.

இன்று காலை அம்மா தொழிலுறப்புக்கு, அதாவது நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. “ஒப்பு போட்டுட்டு நேரே பஸ் ஏறு மக்கா,” என்றாள். “அது வாளியா இருந்தா நமக்கென்ன, யானையா இருந்தா நமக்கென்ன? இந்த விலாசினிக்க மோள் திருவனந்தபுரத்துல படிக்கணும், அம்புட்டுதான்.”

“அம்மா, நீ வேலைக்குப் போற எடத்துல ஒண்ணுக்கு வந்தா எங்க போவே?”

அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடினாள். “போறதில்ல.”

“ஒருநாள் முழுக்கவா?”

“காலையிலயே தண்ணி குடிக்காம இருந்துருவேன். அது பழகிப் போச்சு. ஏன் இப்ப அதக் கேக்க?”

சும்மா என்றேன். பாறசாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவர்கள் நீட்டிய தாள் என் முன்னால் இருந்தது. ‘மேற்படி காணொளியில் தோன்றும் வாளி ஒரு குறியீடு. அது எந்த உண்மையான வாளியையும், உண்மையான தேவையையும் குறிக்காது என இயக்குநர் உறுதியளிக்கிறார்.’ பக்கத்தில் மஞ்சள் உறையில் என் சான்றிதழ்கள். நான்தான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சுகதன் சாரின் போன் அடித்தது. எடுத்தார்.

“என்னட்டீ... தண்ணி வரல்லியா? மோட்டரப் போடு. போட்டும் வரல்லியா? பின்ன பைப்புக்காரன விளிச்சுச் சொல்லு. தண்ணி இல்லாத வீட்டுல மனுசன் எப்படிக் கெடக்கியது? நீ வை, நான் இப்ப வாறேன்.”

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“சார் இப்ப பேசினது எந்த மொழி?” என்றேன்.

“அது வீட்டு விஷயம்,” என்றார் ஞானதாஸ் சார், அவருக்காக.

மூவரும் குனிந்து கலந்து பேசினார்கள். சுகதன் சார் எழுந்து நின்றார். “கலைஞரோட கோரிக்கைய நாங்க மதிக்கிறோம். போட்டுப் பாக்கலாம். திரையிடல் அல்ல, சரிபார்த்தல். ஆனா சொற்கள் ஆய்வுக்கு வெளியே இருக்கு. அதனால சத்தம் இல்லாம.”

சத்தம் இல்லாமல் போட்டார்கள். ஷைனா வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஜித்தினின் விரல்கள் கம்பியில் வீணாக ஓடின. காலி வாளி மைதானத்தைக் கடந்தது. ரோஜாக் குழாயில் நிறைந்தது. ஷைனாவின் தோள் ஒரு பக்கம் இறங்கி, பாவாடை நனைந்து, அவள் திரும்ப நடந்து வந்த தூரம் எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. கதவு சாத்திக்கொண்டது. நாற்காலி முட்டுக்கொடுத்தது. திரை கறுப்பானது.

லதிகா டீச்சர் மெல்லக் கேட்டார். “அந்தக் கசேர... கொண்டிக்குப் பதிலாவா வச்சிருந்தீங்க?”

“ஆமா டீச்சர்.”

“உள்ள இருக்கும்போ ஒரு கையால பிடிச்சுக்கணும், இல்லியா?” என்றார். அவர் கை தானாக முன்னால் நீண்டு, இல்லாத ஒரு கதவைப் பிடித்துக்கொண்டது. “நான் இங்க படிக்கும்போ ஸ்டூலாக்கும்.”

டீச்சர் மேலும் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சுகதன் சார் தொண்டையைச் செருமினார். டீச்சரின் கை மடிக்குத் திரும்பியது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“ஆழமான படிமம்,” என்றார்.

“அப்ப முடிஞ்சுது,” என்று சுகதன் சார் பேனாவை என் பக்கம் தள்ளினார். “மோளே, ஒப்பு போடு. பஸ்ஸுக்கு நேரமாகுது.”

எழுந்தேன். பேனாவைத் தொடவில்லை. கண்ணாடிப் பெட்டியின் சீலை நகத்தால் கிழித்தேன், சும்மா ஒட்டுத்தாள்தான். வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பிளாஸ்டிக் பூக்கள் அந்தத் தாளின் மேலும் பேனாவின் மேலும் ஞானதாஸ் சாரின் மினிட்ஸ் மேலும் விழுந்தன. வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ரீத்தா அக்கா சொன்னது சரிதான், அடியில் இரண்டு ஓட்டை. வேகமாக நடந்தால் பாதித் தண்ணீராவது மிஞ்சும்.

“எந்தா இது?” சுகதன் சார் மஞ்சள் உறையைக் கையில் எடுத்துக்கொண்டார். “டி.சி. வேண்டாமா உனக்கு? படிக்கப் போக வேண்டாமா?”

“டி.சி. உங்ககிட்டயே இருக்கட்டும் சார். அதுக்குள்ளயும் ஏதாவது அர்த்தம் கெடக்கும். ஒரு கமிட்டி போட்டு ஆராயுங்க. திங்கக்கிழம ஆளு வரும்போ நானும் வாறேன். பாட்டுக்குச் சத்தம் வச்சுக் காட்டணுமில்லியா.”

திருவனந்தபுரத்தில் சாயங்காலம் வேறொரு பெயரைக் கூப்பிடுவார்கள். அது காலையில் பஸ்ஸில் ஏறும்போதே எனக்குத் தெரியும்.

வாசலில் பயஸ் அண்ணன் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வேலை போய்விடுமே என்று உள்ளே ஒரு கண்ணும் என் கையில் ஒரு கண்ணுமாக, ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்.

“எம்மா, அது தடயப் பொருளாக்கும்! எங்க கொண்டு போற?”

“கக்கூசுக்கு அண்ணே,” என்று சொல்லிக்கொண்டே ரோஜாக் குழாயைப் பார்த்து நடந்தேன்.